ஸ்டேஷன் வாசலிலிருந்து விளக்குத்தூண் வரை: மதுரையின் இரவுக் கடைத்தெரு வெளியூர்க்காரரை எப்படி நடத்துகிறது

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் புனேயில் குடியிருக்கும் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் கடந்த மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மதுரை ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அன்று நான் அலுவலக வேலையாகத் திருநெல்வேலியில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில்தான் அவர்களைப் பார்க்க முடிந்தது. காபி குடித்து முடித்ததும் பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். ஆட்டோவில் 170, விடுதியில் 700, அர்ச்சனைத் தட்டில் 220, வழிகாட்டி என்று வந்தவரிடம் 300 என, முந்தைய இரவு தாங்கள் கூடுதலாகக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்த தொகைகளை வரிசையாக எழுதி, கீழே 1,390 என்று கூட்டிப் போட்டிருந்தார். "நம்ம ஊருலயே நாம வெளியூரு ஆயிட்டமேடா" என்று அவர் சொன்னபோது, பணம் போனதைவிட அந்தச் சொல்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்று சனிக்கிழமை மாலை அதே வழியில், அதே நேரத்தில், அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி நடந்தேன். ரயில் நிலைய வாசலில் தொடங்கி, டவுன் ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்குப் போய், கோயிலைச் சுற்றி விளக்குத்தூண் பக்கம் வந்து, நள்ளிரவு தாண்டி ஒரு இட்லிக் கடையில் முடித்தோம். இந்த மதிப்பீடு அந்த இரண்டு இரவுகளையும் வைத்து எழுதியது. குறை உள்ள இடங்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. முறை ஒன்றுதான் என்பதாலும், அதே முறையைப் பலர் கையாளுகிறார்கள் என்பதாலும், ஒரு பெயரைச் சொல்வதால் வருகிறவர்களுக்குப் பெரிய பயன் இல்லை.

முதலில் ஆட்டோ. மதுரைச் சந்திப்பின் முன்வாசல் மேல வெளி வீதியில் இருக்கிறது. எதிரே தொடங்கும் டவுன் ஹால் ரோடு கிழக்கு நோக்கிக் கோயிலின் மேற்கு வாசல் பக்கம் கொண்டுபோய் விடும்; மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். விடுதிகள் பெரும்பாலும் இந்த டவுன் ஹால் ரோட்டிலும், அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதாவது, ரயிலில் வந்து இந்த வட்டாரத்தில் தங்குகிறவர்களுக்குக் கனமான பெட்டி இல்லாவிட்டால் ஆட்டோவே தேவையில்லை. பெரியப்பாவுக்கு இது தெரியாது. அவர் நடைமேடையை விட்டு வெளியே வருவதற்குள் ஒருவர் பெட்டியைக் கையில் வாங்கிவிட்டார். விடுதியின் பெயரைச் சொன்னதும், "அந்த லாட்ஜ பூட்டிட்டாங்கய்யா, வேற நல்ல எடமா பாத்துத் தர்றேன்" என்றார். நடக்கிற தூரத்துக்கு 250 ரூபாய் வாங்கிக்கொண்டு, 1,500 ரூபாய்க்குப் பேசி வைத்திருந்த அறைக்குப் பதில் 2,200 ரூபாய் அறையில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் மாலை நாங்கள் நடந்து போனபோது, பூட்டியதாகச் சொல்லப்பட்ட விடுதியில் எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பையன் பெரியப்பாவின் பெயரைப் பதிவேட்டில் காட்டி, இரவு பத்து மணி வரை காத்திருந்ததாகச் சொன்னான்.

இந்த ஏமாற்றுக்கு ஒரே மருந்து விடுதிக்கு நீங்களே போன் செய்வதுதான். பூட்டியிருக்கிறது, தண்ணீர் வரவில்லை, தீப்பிடித்துவிட்டது என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே நின்று, அவர் எதிரிலேயே விடுதியைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை ஒருவர் என்னிடமும் வந்து இதே பேச்சை ஆரம்பித்தார். நான் போனை எடுத்ததும் வேறு பயணியைப் பார்க்கப் போய்விட்டார்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2013-ஆம் ஆண்டு சென்னைக்கு அரசு நிர்ணயித்தபோது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாயும், இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை அதில் பாதி கூடுதலாகவும் என்று வைத்தார்கள். மதுரையில் மீட்டர் போட்டு ஓட்டும் ஆட்டோவை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். இங்கே எல்லாம் பேச்சுக் கட்டணம்தான். பேசுவதற்கு முன் செல்போனில் ஓலா, ஊபர், ராபிடோ ஏதாவது ஒன்றைத் திறந்து, அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் போகவேண்டும் என்பதில்லை. அந்த எண் கண்ணெதிரே இருந்தால் பேரம் பேசுவதற்கு ஒரு அடிப்படை கிடைக்கும். வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்து, போய்க்கொண்டிருக்கிற ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினால் பாதி விலைக்கு வருகிறார்கள் என்பதையும் இரண்டு நாளும் பார்த்தேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: "கோயில் வாசல்லயே எறக்கி விடுறேன்" என்று யாராவது கூடுதல் கேட்டால் அது நடக்காத காரியம். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் ஆட்டோக்களை விடுவதில்லை. ஆவணி மூல வீதியிலோ அதற்கு முன்போ இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

பேருந்தில் வருகிறவர்களுக்கு இன்னொரு விவரம். சென்னை, திருச்சி, நெல்லை வண்டிகள் நிற்கும் மாட்டுத்தாவணி ஊரின் வடகிழக்குக் கோடியில் இருக்கிறது. கோவை, தேனி, திண்டுக்கல் வண்டிகள் ஆரப்பாளையத்துக்கு வரும். இரண்டிலிருந்தும் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள பெரியார் பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து உண்டு. இரவு நேரத்திலும் ஓடுகிறது. "இனிமே பஸ் கெடையாது" என்று மாட்டுத்தாவணியில் சொல்லும் குரலை நம்ப வேண்டாம். உள்ளே போய் நகரப் பேருந்து நிற்கும் வரிசையைப் பாருங்கள்.

விடுதியில் நான் கவனித்த பெரிய சிக்கல் வாடகையைவிடக் கணக்கு நேரத்தில் இருக்கிறது. சில இடங்களில் உள்ளே நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சில இடங்களில் எந்த நேரத்தில் வந்தாலும் மறுநாள் பகல் பன்னிரண்டோடு ஒரு நாள் முடிந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு வருகிறவருக்கு இந்த வேறுபாடு ஒரு முழு நாள் வாடகை. பெரியப்பா தங்கிய இடத்தில் பன்னிரண்டு மணிக் கணக்கு என்பதைப் பதினொன்றரை மணிக்குத்தான் சொன்னார்கள். சாவியை வாங்குவதற்கு முன்பே கேட்டு, ரசீதில் நேரத்தையும் வாடகையையும் எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. எழுதித் தராத இடத்தில் தங்காமல் வெளியே வந்துவிடுங்கள். அந்த வீதியில் பத்தடிக்கு ஒரு விடுதி இருக்கிறது.

கோயில் வட்டாரத்துக்கு வருவோம். வெளியூர்க்காரர் தடுமாறாமல் இருக்க வேண்டுமானால் வீதிகளின் பெயர்களை உள்ளிருந்து வெளியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஆடி வீதி மதிலுக்குள்ளே, அதற்கு வெளியே சித்திரை, பிறகு ஆவணி மூலம், பிறகு மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம். இந்த அமைப்பு மனத்தில் இருந்தால், "நான் வழி காட்டுறேன்" என்று கூட நடப்பவர்கள் தேவைப்படமாட்டார்கள். திறமையான வழிகாட்டிகள் இங்கே இருக்கிறார்கள், அரசு அடையாள அட்டையோடு இருக்கிறார்கள். அட்டையைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். பெரியப்பாவோடு ஒட்டிக்கொண்டவரிடம் அட்டை இல்லை. விளக்குத்தூணைக் காட்டி, திருமலை நாயக்கர் நட்டது என்று கதை சொல்லி 300 ரூபாய் வாங்கியிருக்கிறார். அது நாயக்கர் காலத்துக்கு நெடுநாள் பிந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தியது. கோட்டை இருந்த இடத்தைச் சீர்செய்து வீதி அமைத்த பணியில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள்தான் இன்று மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் நிற்கின்றன. முந்தைய இரவு தான் தங்கிய வீதியே ஒரு மேஸ்திரியின் பெயரில் இருப்பது தெரிந்ததும் பெரியப்பா அந்தப் பெயர்ப் பலகையின் முன் நெடுநேரம் நின்றார். 300 ரூபாய் கொடுத்தும் அவருக்குக் கிடைக்காதது அதுதான்.

செருப்பு விஷயம் சிறியது. ஆனால் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். வாசலுக்கு முன்னால் உள்ள பூசைக் கடைகளில் "செருப்ப இங்கயே விடுங்கம்மா, காசு வேணாம்" என்பார்கள். விட்டதும் கையில் ஒரு தட்டு வந்துவிடும்: தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஊதுபத்தி, கொஞ்சம் பூ. விலையைத் திரும்பி வரும்போது சொல்வார்கள். பெரியம்மாவிடம் 300 கேட்டிருக்கிறார்கள்; அதே தட்டை சனிக்கிழமை நான் விலை கேட்டு 80 ரூபாய்க்கு வாங்கினேன். கோயில் நிர்வாகமே வாசல்களில் காலணிகளுக்கும் செல்போன்களுக்கும் பாதுகாப்பு இடம் வைத்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீவிபத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு மார்ச் முதல் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை இருக்கிறது. போனை நிர்வாகத்தின் இடத்தில் மட்டும் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். கடைக்காரர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே போன் இருக்காது என்பதால் கொஞ்சம் சில்லறைப் பணம் கையில் வேண்டும்.

தரிசனத்துக்கும் அப்படியே. பொதுவழி இலவசம், சிறப்பு வழிக்கான சீட்டு கோயில் கவுண்டரில்தான் கிடைக்கும், அச்சிட்ட தொகைக்குத்தான் கிடைக்கும். "உள்ள ஆள் இருக்கு, நேரா கூட்டிட்டுப் போறேன்" என்று ஆயிரம் ரூபாய் பேசுகிறவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. இரவில் வருகிறவர்கள் பள்ளியறை பூசைக்கு நிற்க வேண்டும் என்பது என் ஆசை. சுந்தரேசுவரரைப் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளச் செய்யும் அந்த நேரத்தில் தாளமும் நாகஸ்வரமும் கேட்டபடி ஓரமாக நிற்பதற்கு எந்தச் சீட்டும் தேவையில்லை.

வெளியே வந்ததும் சித்திரை வீதியில் மாடிக் கடைக்காரர்கள் காத்திருப்பார்கள். "மேல ஏறிப் பாருங்க, நாலு கோபுரமும் தெரியும், காசு கெடையாது" என்பது உண்மைதான். கோபுரங்கள் தெரியும், காசும் கேட்கமாட்டார்கள். ஆனால் மாடிப்படி மேலே போகும்போதும் கீழே வரும்போதும் கைவினைப் பொருள் கடையின் நடுவே செல்கிறது. கீழே வரும்போது தேநீர் தருவார்கள், கம்பளம் விரிப்பார்கள், சந்தனக் கட்டை என்று வாசனை ஏற்றிய வேறு மரத்தைக் காட்டுவார்கள். கூட்டி வந்தவருக்குத் தரகு உண்டு என்பதால் விலை அதற்கேற்ப ஏறியிருக்கும். கோபுரத்தைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, உட்காராமல் இறங்கி வந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் வந்தோம், யாரும் தடுக்கவில்லை. கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தின் தையற்காரர்களிடம் கூட்டிப் போவதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நேரே அங்கே போய் நீங்களே பேசிக்கொள்ளலாம்.

சுங்குடிப் புடவை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுவது நமக்கு மட்டும் நட்டமில்லை, முடிச்சுப் போடும் பெண்களுக்கும் நட்டம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர சமூகத்தார் இந்த ஊருக்குக் கொண்டுவந்த கைவேலை அது: துணியை விரல் நுனியால் துளித் துளியாகக் கிள்ளி, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, காய்ந்த பின் முடிச்சுகளை அவிழ்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாததால் புள்ளி விழும். இன்று கடையில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை அச்சு போட்டவை. அச்சுப் புடவை குறைவில்லாத பருத்திப் புடவைதான். அதை அச்சு என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் குற்றம் ஒன்றும் இல்லை. கைமுடிச்சு என்று சொல்லி விற்கும்போதுதான் கேடு.

சனிக்கிழமை ஒரு கடையில் இரண்டையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தோம். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே வட்டம், ஒரே அளவு. கைமுடிச்சில் ஒரு புள்ளி சற்றே சதுரமாக, அடுத்தது கொஞ்சம் சாய்வாக, நடுவில் ஊசி முனையளவு சாயத் துளியோடு இருந்தது. துணியைத் தடவினால் முடிச்சு இருந்த இடங்கள் சிறு மேடாக விரலில் பட்டன. இரண்டு பக்கமும் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கியது. இஸ்திரி போடாத புடவையாகக் கேட்டால் இந்தச் சுருக்கம் நன்றாகத் தெரியும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கைமுடிச்சில் நிறம் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். மேலோட்டமான அச்சில் பின்புறம் வெளிறித் தெரியும். அந்தக் கடைக்காரர் நாங்கள் கேட்பதற்கு முன்பே, "இது பிரிண்ட், இது முடிச்சு" என்று பிரித்து வைத்துத்தான் விலை சொன்னார். பெரியம்மா அங்கே இரண்டு எடுத்தார்.

பூ வாங்கும்போது விலையோடு முழத்தையும் கேளுங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். சிலர் விரல்களை மடக்கிக்கொண்டு முட்டி வரைக்கும்தான் அளப்பார்கள். அதுவும் வேகமாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே. நான்கு முழம் வாங்கினால் அதில் அரை முழத்துக்கு மேல் போய்விடும். அம்மன் சன்னதி வாசலுக்கு நேரே ஒரு அக்கா வாழைநாரில் தொடுத்த மல்லிகையை அளந்ததைப் பெரியம்மா என்னிடம் காட்டினார்: விரலை நீட்டி அளந்து, கடைசி முழத்துக்கு மேல் நான்கு கண்ணி கூடவே விட்டு, பல்லால் நாரைக் கடித்து அறுத்தார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மொட்டு உருண்டு, இதழ் தடித்து இருக்கும். மாலையில் இறுக்கமாக இருக்கிற மொட்டு இரவு பத்து மணிக்குத் தலையிலேயே மலரும். ஐஸில் வைத்த பழைய பூ மலராது, ஓரம் பழுத்துவிடும். முகூர்த்த நாளிலும் பனிக்காலத்திலும் விலை பல மடங்கு ஏறுவது உண்மை. அந்த நாட்களில் அதிக விலை சொன்னால் உடனே ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் குடித்தோம். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பிசின் வழுவழுப்பாகக் கண்ணாடித் துண்டுபோல் இருக்க வேண்டும்; அதற்குப் பதில் வெறும் கடற்பாசியை நறுக்கிப் போட்டு, வண்ணச் சர்பத்தை ஊற்றித் தருகிற கடைகளும் உண்டு. "ஒரிஜினல்" என்ற சொல் எல்லாப் பலகையிலும் இருப்பதால் அதைப் பார்த்துப் பயனில்லை. விலைப் பட்டியல் தொங்குகிறதா என்று பாருங்கள். கேட்காமலே பெரிய குவளையைக் கொடுத்துவிட்டு ஸ்பெஷல் விலை வாங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது.

பணம் கொடுக்கும்போது 500 ரூபாய்த் தாளை "ஐந்நூறு ரூபாய் தர்றேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். நூறுதான் தந்தீர்கள் என்ற பேச்சு எழாது. ஸ்கேன் செய்தால் வருகிற பெயரைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி உங்களை ஸ்கேன் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. டாஸ்மாக் இரவு பத்து மணிக்கு மூடிவிடும். அதன்பின் சந்து முனையில் நின்று மெல்லிய குரலில் கூப்பிடுகிறவர்களுக்குக் காது கொடுக்காமல் வெளிச்சமான வீதியிலேயே நடங்கள். மிரட்டல் ஏதும் வந்தால் 112. விலைத் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டு இரவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரியம்மாவின் சீட்டில் இருந்த நான்கு தொகையும் தாமாக எதிரே வந்து பேச்சுக் கொடுத்தவர்களிடம் போனவை. நாங்களாகத் தேடிப் போய், விலை கேட்டு வாங்கிய இடங்களில் ஒரு ரூபாய்கூடத் தவறிப் போகவில்லை.

கடைசியாக மாசி வீதியை ஒட்டிய சந்தில் அந்த இட்லிக் கடை. பெயர்ப் பலகை இல்லை. தள்ளுவண்டி, இரண்டு பெஞ்சு, கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய விலை. ஈரத் துணியில் வார்த்த இட்லியைத் துணியோடு கவிழ்த்து, மேலே தண்ணீர் தெளித்து உரித்து எடுத்தார் அந்த அம்மா. தேங்காய், தக்காளி, புதினா, காரம் என நான்கு சட்னி. சாம்பார் கேட்டால் மட்டும். பன்னிரண்டே கால் மணிக்கும் இட்லி ஆவி பறந்தது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பமும், பூச்சந்தைக்குப் போகிற சுமைக்காரர்கள் நான்கு பேரும் எங்களோடு சாப்பிட்டார்கள். காரச் சட்னியில் உப்பு ஒரு கல் தூக்கல். அதைத் தவிர எனக்குக் குறை தெரியவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டதற்கு 130 ரூபாய். பெரியப்பா கண்ணாடி போடாமல் போனில் அழுத்தியதில், "ஆயிரத்து முந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று ஒலிபெருக்கிப் பெட்டி சொன்னது. அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, ஒரு சைபரு கூடப் போட்டுட்டீங்க" என்றார். கல்லாவில் அவ்வளவு பணம் இல்லாததால் பக்கத்துப் பால் கடையில் வாங்கி வந்து, 1,170 ரூபாயையும் பெரியப்பா கையில் எண்ணி வைத்தார்.

கடை இரவு எட்டு மணிக்குத் தொடங்கி மாவு தீரும் வரை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.